மணலில் எழுதிய விரல்

கிருஷ்ணகிரி மலைக்கோட்டையின் அடிவாரத்திலிருந்து ஓசூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் இன்று இரவும் பகலும் சரக்கு லாரிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. கைக்கடிகாரமும் மோட்டார் வண்டியும் செய்யும் ஆலைகள் நிறைந்த நாடு இது. இன்னும் சிறிது தொலைவு சென்றால் கருநாடக எல்லை வந்துவிடும். இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர்க் கிருஷ்ணகிரியைச் சூழ்ந்த நிலப்பகுதிக்குப் பாராமகால் என்று பெயர். அங்கே ஏழு ஆண்டுகள் வேலை பார்த்த ஒருவரைப் பற்றியும், சென்னையில் அதே காலத்தில் பள்ளி நடத்திய வேறொருவரைப் பற்றியும் இன்று பேச விரும்புகிறேன்.

நான் ஆசிரியப் பயிற்சி பெறும் மாணவன். வகுப்பறையில் திறன் பலகையையும் கைக்கணினியையும் கையாளுவது எவ்வாறு என்பது எங்கள் பயிற்சியில் ஒரு பகுதி. பாடநூலில் உள்ள க்யூ.ஆர். குறியீட்டைக் கைப்பேசியால் தொட்டவுடன் படம் ஓடுவதைக் கண்டு நாங்கள் வியந்ததுண்டு. அப்போது என் மனத்தில் ஓர் ஐயம் எழுந்தது. புதிய கருவி ஒன்று வகுப்பறைக்குள் நுழைவது இதுதான் முதல் முறையோ? முன்பு நுழைந்தபோது ஆசிரியர்கள் அதனை எப்படி எதிர்கொண்டார்கள்? விடை தேடிப் புறப்பட்ட நான், மின்சாரமே இல்லாத ஒரு காலத்திற்குப் போய்ச் சேர்ந்தேன்.

ஆண்டுரு பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில், ஐரோப்பியப் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்மக்களுக்காக நடந்த விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். ஒரு நாட்காலை அவர் குதிரைமேல் சென்றபோது, வழியில் ஒரு திண்ணைப் பள்ளியைக் கண்டார். பிள்ளைகள் தரையில் அமர்ந்து, பரப்பிய மணலில் விரலால் எழுத்துகளை எழுதிக்கொண்டிருந்தனர். அதனை அவர் 'மலபார்ப் பள்ளி' என்று குறிப்பிடுகிறார். அக்காலத்து ஆங்கிலேயர் தமிழரை மலபார் என்றே வழங்கினர்; ஆகவே அது நம் தமிழ்ப் பள்ளிதான் என்பதில் ஐயமில்லை. தாளும் மையும் விலையுயர்ந்த பொருள்களாக இருந்த காலத்தில், மணலோ காசில்லாமல் கிடைத்தது. பிழையாக எழுதினால் உள்ளங்கையால் ஒருமுறை தடவினால் போதும்.

பெல் தம் பள்ளிக்குத் திரும்பியதும், கீழ் வகுப்புக்கு மணலில் எழுத்துக் கற்பிக்குமாறு உதவி ஆசிரியரிடம் சொன்னார். அது முடியாத செயல் என்று அவர் மறுத்துவிட்டார். மறுத்தவர்மேல் நான் பழி கூறமாட்டேன். மேலதிகாரி ஒருவர் காலையில் எதையோ கண்டுவந்து, மாலைக்குள் அதனை நடத்திக் காட்டு என்றால் எந்த ஆசிரியர்தாம் மகிழ்ந்து ஏற்பார்? பெல் அவரை விட்டுவிட்டு, ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் அவ்வகுப்பை ஒப்படைத்தார். ஆசிரியர் முடியாது என்றதைச் சிறுவன் செய்து காட்டினான்.

மூத்த மாணவன் இளைய மாணவனுக்குச் சொல்லித் தருவதும் நம் திண்ணைப் பள்ளிக்குப் புதிதன்று. சட்டாம்பிள்ளை என்ற சொல் இன்றும் வழக்கில் இருக்கிறதன்றோ? பெல் 1796இல் இந்தியாவை விட்டுப் புறப்பட்டு, 1797இல் தம் சோதனையை இலண்டனில் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். அது 'சென்னை முறை' என்ற பெயர் பெற்றது. ஜோசப் லங்காஸ்டர் என்பாரும் இதைப் போன்ற ஒரு முறையைத் தம் பள்ளியில் நடத்தினார்; அங்கும் மணற்பலகை இருந்தது. 1811இல் இங்கிலாந்துத் திருச்சபை சார்ந்த தேசியக் கழகம் பெல்லின் முறையை ஏற்றுக்கொண்டது. ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகள் ஆயிரக்கணக்கில் அம்முறையில் எழுந்தன. பெல் 1832இல் மறைந்தபோது வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அந்தத் திண்ணைப் பள்ளி எந்தத் தெருவில் இருந்தது, அதன் வாத்தியார் பெயர் என்ன என்பதை மட்டும் ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

இம்முறையில் ஒரு குறை இருந்தது. ஒரே ஆசிரியர் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை நடத்தலாம், செலவு குறையும் என்பதே அதன் பெருங்கவர்ச்சி. மணலும் சட்டாம்பிள்ளையும் கப்பலேறின. ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி அழைக்கும் வாத்தியார் கப்பலேறவில்லை. பிள்ளைகள் எழுத்தைக் கற்றனர். ஆயினும் எட்டு வயதுச் சிறுவன் எட்டு வயதுச் சிறுவனுக்குத் தெரிந்த அளவே கற்பிக்க இயலும். 1846க்குப் பின் இங்கிலாந்து இம்முறையைக் கைவிட்டு, பயிற்சி பெறும் மாணவ ஆசிரியர்களை அமர்த்தத் தொடங்கியது.

இனிப் பாராமகாலுக்கு வருவோம். 1792இல் திப்பு சுல்தானோடு ஏற்பட்ட உடன்படிக்கையால் இந்நிலம் ஆங்கிலேயர் வசமாயிற்று. அலெக்சாந்தர் ரீடு என்பாரின் கீழ் உதவி அலுவலராக வந்தவர்களுள் தாமஸ் மன்றோ ஒருவர். 1799 வரை இங்கே ஊர் ஊராகச் சென்று நிலத்தையும் குடிகளையும் கண்டறிந்தார். அவர் பின்னர்ச் சென்னை மாகாணத்தின் ஆளுநரானபோது, பள்ளிகளைப் பற்றியும் அதே முறையில் கணக்கெடுக்க 1822இல் ஆணையிட்டார். ஊகத்தால் பேசாமல் எண்ணிப் பார்க்க வேண்டும் என்ற பழக்கம் அவருக்கு இம்மண்ணில் வாய்த்தது என்றே நான் கருதுகிறேன்.

1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி, மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. பயின்றோர் 1,88,650 பேர். பள்ளி வயதுச் சிறுவர்களில் நான்கில் ஒரு பங்கினர்க்குச் சிறிது மேற்பட்டவர் பள்ளிக்குச் சென்றனர். சிறுமியரோ 4,540 பேர்தாம். திண்ணைப் பள்ளியைப் புகழ்ந்து பேசும் நாம் இந்த எண்ணை மறத்தலாகாது. தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கும் அத்திண்ணைகளில் பெரும்பாலும் இடமில்லை. பல்லாரிக் கலெக்டர் காம்பெல் தம் அறிக்கையில், மணலில் எழுதும் சிக்கனத்தையும் சட்டாம்பிள்ளை முறையையும் பாராட்டி, இங்கிலாந்து இவற்றைப் பின்பற்றியது தகும் என்றார். அதே அறிக்கையில், மக்களின் வறுமையால் பள்ளிகள் நலிந்து வருவதையும் மறைக்காமல் எழுதினார்.

மன்றோ கண்ட நோயோ கருவியைப் பற்றியதன்று. ஆசிரியர் ஒருவர்க்கு மாதம் ஆறு ஏழு ரூபாய்க்கு மேல் கிடைப்பதில்லை. அவ்வூதியத்திற்குத் தகுதியுடையோர் வரமாட்டார் என்றார். சென்னையில் ஆசிரியர்களைப் பயிற்றும் பள்ளி ஒன்று, மாவட்டத் தலைநகர்ப் பள்ளி ஆசிரியர்க்கு மாதம் 15 ரூபாய், தாசில் பள்ளி ஆசிரியர்க்கு 9 ரூபாய் என்று திட்டம் வகுத்தார். மறு ஆண்டே, 1827இல், பத்திகொண்டாவில் வாந்திபேதியால் இறந்தார். திட்டம் தளர்ந்து பின்னர்க் கைவிடப்பட்டது.

அதன் பின்னர்ச் சிலேட்டும் கரும்பலகையும் வந்தன. வானொலியில் பள்ளி ஒலிபரப்பும் வந்தது. அவற்றையெல்லாம் விரித்துரைக்க நேரம் போதாது. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை நடந்த ஒரு சோதனையை மட்டும் சொல்லாமல் விட இயலாது. அமெரிக்காவிடம் இரவலாகப் பெற்ற ஏ.டி.எஸ்.6 என்னும் செயற்கைக்கோளின் வழியாக, ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி சென்றது. கம்பி வலையால் ஆன பெரிய குடை போன்ற வாங்கிகள் ஊர்தோறும் நின்றன. காலையில் பள்ளிச் சிறார்க்கும் மாலையில் பெரியோர்க்கும் நிகழ்ச்சிகள். அச்செயற்கைக்கோளில் படத்திற்கு ஒரு வழியும் ஒலிக்கு இரண்டு வழிகளும் இருந்தன. ஆதலின் ஒரே படத்தை ஆந்திரச் சிறுவன் தெலுங்கிலும், கருநாடகச் சிறுவன் கன்னடத்திலும் கேட்டான். ஆண்டு முடிந்தது, செயற்கைக்கோள் உரியவரிடம் திரும்பிச் சென்றது.

ஒரே படம், இரண்டு குரல் என்ற செய்தியைப் படித்தபோது எனக்கு ஓசூர்தான் நினைவுக்கு வந்தது. எங்கள் எல்லைப்புற வகுப்பறையில் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளையும், கன்னடம் பேசும் பிள்ளையும், ஆலை வேலைக்கு வடக்கிலிருந்து வந்தவரின் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையோடு ஒரே பலகையில் அமர்வர். திறன் பலகைக்கோ ஒரு நேரத்தில் ஒரு குரல்தான்.

பயிற்சிக்காக நான் சென்ற ஒரு சிற்றூர்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு மழை பற்றிய பாடம். திரையில் மேகம் திரண்டு மழை பொழிந்தது. வடக்கிலிருந்து வந்த சிறுவன் ஒருவன் படத்தைப் பார்த்தான், சொல்லை வாங்கவில்லை. நான் படத்தை நிறுத்திவிட்டு, "உங்கள் வீட்டில் இதை என்னவென்று சொல்வீர்கள்?" என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். மழை என்றது ஒரு குரல். மளெ என்றது ஒன்று. வான என்றது மற்றொன்று. அச்சிறுவன் மெல்ல எழுந்து, "பாரிஷ்" என்றான். அவன் வீட்டுக்கு அடுத்த வீட்டில் வாழும் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இடைவேளையில் அவனைத் தாழ்வாரத்திற்கு அழைத்துச் சென்று, தரைப்புழுதியில் விரலால் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் அருகே செல்லவில்லை.

மறுநாள் அவன் தன் ஏட்டில் அச்சொல்லை எழுதிக்கொண்டு வந்தான். ழகரத்தின் வால் மட்டும் இன்னும் வளையவில்லை.