செம்பு பொன்னாகுமா? – ரசவாதம் ஒரு சிறு அறிமுகம்

ரசவாதம் என்றதும் பலருக்கும் ஹாரி பாட்டர் கதையில் வரும் கல்தான் நினைவுக்கு வரும். இல்லாவிட்டால் வீடியோ கேமில் இரண்டு பொருளைக் கலந்தால் மூன்றாவதாக ஒன்று கிடைக்குமே, அது! ஆனால் தமிழ்நாட்டில் இது வெறும் கதை அல்ல. அடுப்பு மூட்டி, மருந்து அரைத்து, பல தலைமுறைகள் செய்து பார்த்த வேலை. செய்தவர்கள் சித்தர்கள்.

ரசம் என்றால் இங்கே மிளகு ரசம் அல்ல, பாதரசம். உலோகமாக இருந்தும் தண்ணீர் போல ஓடும். தங்கத்தையே தன்னுள் கரைத்துக்கொள்ளும். கந்தகத்தோடு சேர்த்து அரைத்தால் கறுப்புப் பொடியாகும். அதையே முறையாக எரித்தால் சிவப்பாக மாறும். இப்படி நிறம் மாறும் பொருளைப் பார்த்தவர்களுக்கு, செம்பும் ஒருநாள் பொன்னாகும் என்று தோன்றியதில் வியப்பில்லை.

சரி, எப்படிச் செய்தார்கள்?

முதலில் சரக்கு. உலோகம், உப்பு, பாடாணம் என்று பல வகை. பாடாணங்கள் மட்டும் 64. அதில் 32 இயற்கையாகக் கிடைப்பவை, 32 செய்து எடுப்பவை. அடுத்தது சுத்தி, அதாவது நஞ்சு நீக்கும் முறை. பிறகு கல்வத்தில் மூலிகைச் சாறு விட்டு அரைத்து, வில்லை தட்டிக் காயவைத்து, அகலில் வைத்து மூடி, சீலைமண் பூசுவார்கள். கடைசியில் புடம். வரட்டி எண்ணிக்கைதான் அன்றைய வெப்ப அளவு: கோழிப் புடத்துக்கு 10, வராகப் புடத்துக்கு 50, கஜ புடத்துக்கு 1000! வெள்ளையாக வந்தால் பற்பம், சிவப்பாக வந்தால் செந்தூரம்.

பொன் கிடைத்ததா? அடுப்புத் தீயில் ஒரு தனிமம் இன்னொரு தனிமமாக மாறாது. அதற்கு அணுக்கரு மாற வேண்டும். ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில் 2015 முதல் 2018 வரை ஈய அணுக்களை மோதவிட்டபோது தங்க அணுக்கரு உருவானதாக 2025ல் அறிவித்தார்கள். எவ்வளவு தெரியுமா? ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பிரித்தால் அதில் 29 பங்கு. அதுவும் நொடியில் சிதைந்துவிட்டது. லாப நஷ்டக் கணக்கு போட்டால் உலகிலேயே மோசமான வியாபாரம் இதுதான்.

ஆனால் பொன்னைத் தேடிய கைகள் மருந்தைச் செய்யக் கற்றுக்கொண்டன. காசநோய்க்காக 1928ல் மருத்துவமனை தொடங்கப்பட்ட தாம்பரம் சானடோரியத்தில்தான் இன்று தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இருக்கிறது. 2005ல் பிரதமர் மன்மோகன் சிங் திறந்து வைத்தார். அங்குள்ள மருத்துவமனைக்கு அயோத்திதாசப் பண்டிதர் பெயர். சித்த மருத்துவரான அவர்தான் 1907ல் 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகை தொடங்கியவர். பற்பமும் செந்தூரமும் பற்றிப் படிக்க குணபாடம் என்று தனித் துறையே அங்கே உண்டு.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு. 2004ல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தார்கள். 14ல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தது. பாதரசம் நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பழைய சுவடியில் இருக்கிறது என்பதாலேயே ஒன்று பாதுகாப்பானது ஆகிவிடாது; சோதனைக்கூடமும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆகவே நண்பர்களே, யாராவது தங்க பஸ்பம் என்று பொட்டலம் நீட்டினால் வாங்கிச் சாப்பிடாதீர்கள். யார் செய்தது, உரிமம் இருக்கிறதா, எந்த மருத்துவர் எழுதிக் கொடுத்தார் என்று கேளுங்கள். கேமில் தவறாகக் கலந்தால் மறுபடி ஆடலாம். உடம்புக்கு அந்த வசதி கிடையாது!