மேசையின் அடி லாச்சி

பட்டிப்பொலயில் புகையிரதத்தை விட்டு இறங்குகிறவனை முதலில் எதிர்கொள்வது குளிர், அதன்பின் மூடுபனி. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1890 மீற்றர் உயரத்தில் இருக்கும் இந்நிலையமே இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையம். 1885இல் நானுஓயாவை எட்டிய இருப்புப்பாதை 1894இல் பண்டாரவளையை அடைந்தது. இவ்விரு ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் அது இந்த உச்சியைக் கடந்து ஊவாவுக்குள் இறங்கியது. அண்மையில் நான் அங்கே போனது புகையிரதத்தில் அல்ல, வாடகை வானில். ஹோட்டன் சமவெளிக்குப் போகும் வழியில் வானின் கிளச் செயலிழந்தது. சாரதி பாதையோரக் கராஜ் ஒன்றுக்கு ஒருவாறு வண்டியை உருட்டிச் சென்றார். அரை நாள் அங்கே காத்திருக்க நேர்ந்தது. இக்கட்டுரை அந்த அரை நாளின் விளைவு.

தகரக் கூரை, மூன்று பக்கமும் பலகை அடைப்பு, எண்ணெய் ஊறிய மண்தரை: மலைநாட்டுக் கராஜ் ஒன்றில் நீங்கள் எதிர்பார்க்கக் கூடியவை அனைத்தும் அங்கே இருந்தன. மரக்கறி லொறிகள், கை உழவு இயந்திரங்கள், விடியற்காலையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் வான்கள் ஆகியவற்றை நம்பி நடக்கும் தொழில் அது. எதிர்பாராத பொருள் ஒன்றும் அங்கே இருந்தது. நடுவில், கடும் பச்சை வர்ணம் பூசப்பட்டு, பெரிய உருக்கு மேசை ஒன்று நின்றது. இரு புறமும் மும்மூன்று லாச்சிகள். மேலே ஒரு மூலையில் வைஸ் பூட்டப்பட்டிருந்தது. ஒரு லாச்சியில் ஸ்பானர்கள் அளவு வாரியாக அடுக்கப்பட்டிருந்தன. மற்றொன்றில் போல்ட், நட்டு, வொஷர். கந்தோர் ஒன்றில் ஒரு பெரிய கிளாக்கருக்குப் பின்னால் கம்பீரமாக இருக்க வேண்டிய மேசை அது என்பது பார்த்தவுடனேயே தெரிந்தது.

"நல்ல மேசை தம்பி. எங்கே பிடித்தீர்கள்?" என்று கேட்டேன்.

"பழைய இரும்புக் கடையில சார். நெறுத்துதான் வாங்குனேன். ஒரு தோட்டத்து ஆபீஸ்ல இருந்து வந்துச்சாம்" என்றார் கராஜ்காரர். முப்பது வயதைத் தாண்டாதவர்.

அவர் அதை மீட்ட கதையைச் சொல்லச் சொல்ல எனக்கு ஆர்வம் மிகுந்தது. 2022இன் பொருளாதார நெருக்கடியின்போது புதிதாக வேலை மேசை செய்விக்க இரும்பின் விலை இடங்கொடுக்கவில்லை. கிடைத்த இந்த மேசையோ கறள் பிடித்துக் கிடந்தது. லாச்சிகளைக் கழற்றி, ஒவ்வொன்றும் எந்த இடத்துக்குரியது என்று இலக்கமிட்டு வைத்தார். நசுங்கிய பக்கத் தகட்டைப் பின்புறமிருந்து மரச் சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்டி நிமிர்த்தினார். பழைய வர்ணத்தை உலர்ந்த நிலையில் தேய்க்காமல் நீர் தெளித்துத் தேய்த்தார். பழைய வர்ணங்களில் ஈயம் இருக்கும், அதன் தூசி சுவாசத்துக்கு ஆகாது என்பதை அறிந்திருந்தார். வர்ணங்களில் ஈயத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் விதி இலங்கையில் 2013இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட எந்த மேசையிலும் இந்த எச்சரிக்கை தேவை.

பட்டிப்பொலயில் இன்னொரு சிக்கலும் உண்டு. சுரண்டி வெளுத்த இரும்பை மூடுபனி சும்மா விடாது. காலையில் பளபளத்த தகடு மாலைக்குள் செம்மை தட்டிவிடும். ஆகவே வெயில் எறித்த ஒரு நாளைக் காத்திருந்து பிடித்து, தேய்த்து, துடைத்து, அன்றைக்கே ரெட் ஒக்சைட் பூசி முடித்தார். தகட்டின் மேல் தகடு பொருந்தும் பொருத்துவாய்களில்தான் ஈரம் தேங்கி உள்ளிருந்தே கறள் தின்னும் என்பதால், அவற்றுக்குள் தூரிகையால் பூச்சைத் திணித்தார். லொறிகளுக்கு அடிக்கும் வர்ணத்தையே கம்பிரஷர் கொண்டு மேலே அடித்தார். மேசையின் மேற்பரப்பு பார்வைக்குத் திடமானது, உள்ளே வெற்றிடம். வைஸை நேரே பூட்டினால் தகடு வளைந்துவிடும். அதனால் கீழே தடித்த பலகை ஒன்றை அணைகொடுத்து, அதனூடாகப் போல்ட் இறக்கினார். கதிரையில் அமர்ந்து எழுதுவதற்கான உயரம் நின்று வேலை செய்பவனுக்குப் போதாது. கால்களின் கீழ் மரக்கட்டைகள் வைத்து அரை அடி உயர்த்தினார். "இன்னும் ஐம்பது வருஷம் நிக்கும் சார்" என்றார். அதை நான் நம்புகிறேன்.

நம் தளபாடங்களின் பெயர்களே ஒரு சரித்திரம். மேசையும் அலுமாரியும் போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொற்கள்; கந்தோரும் லாச்சியும் ஒல்லாந்தர் தந்தவை. தமிழகத்து வாசகர்கள் இழுப்பறை என்பதைத்தான் ஈழத்தில் லாச்சி என்கிறோம். ஆனால் அச்சொற்கள் குறித்தவை எல்லாம் மரத்தாலானவை. மேசை உருக்காக மாறியது இருபதாம் நூற்றாண்டில். மாற்றியது தீயைப் பற்றிய அச்சம்.

1904இல் பால்டிமோர், 1906இல் சான் பிரான்சிஸ்கோ என்று அமெரிக்க நகரங்கள் எரிந்த காலம் அது. 1906இல் பஃபலோ நகரில் கட்டி முடிக்கப்பட்ட லார்கின் நிறுவனத் தலைமையகத்துக்காக, கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லொயிட் ரைட் உலோக மேசைகளை வடிவமைத்தார். 1912இல் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ரப்பிட்ஸ் நகரில் உலோக அலுவலகத் தளபாடங்களுக்கென்றே ஒரு கம்பனி தோன்றியது. பிற்காலத்தில் ஸ்டீல்கேஸ் என்று பெயர் பெற்றது அதுவே. பொஸ்டன் நகரின் சுங்கக் கட்டடத்துக்காக அது செய்து கொடுத்த தீப்பிடிக்காத 200 மேசைகள்தான் அதன் தொடக்ககாலப் பெரிய வேலை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க அரச அலுவலகங்களை நிறைத்த கனத்த உருக்கு மேசைகளுக்கு 'டாங்கர்' என்ற பட்டப்பெயர் நிலைத்தது. இன்று அங்கே அவற்றைச் சுரண்டி மெருகேற்றி விற்பதே ஒரு தொழில். வீட்டுக் கராஜ்களில் வேலை மேசையாக வைத்துக்கொள்வோரும் பலர். நமது பக்கத்தில், 1897இல் பம்பாயில் பூட்டுத் தொழிலைத் தொடங்கிய கோத்ரெஜ் நிறுவனம் 1923இல் உருக்கு அலுமாரி செய்யலாயிற்று. இங்கே தீயைவிடக் கறையானுக்கும் ஈரத்துக்கும்தான் அதிக பயம்.

தீயானாலும் கறையானானாலும், காப்பாற்றப்பட வேண்டியது மேசையன்று. மேசைக்குள் இருக்கும் காகிதம். உருக்கு மேசை காகிதத்துக்காகவே பிறந்தது. அப்படியானால் மலைநாட்டுத் தோட்டக் கந்தோர்களின் லாச்சிகள் காத்தது எந்தக் காகிதத்தை?

நாளாந்தம் வேலைக்கு வந்தோரின் பெயர்களைத் தாங்கிய செக்ரோல். கொடுத்த அரிசியைச் சம்பளத்தில் கழிப்பதற்கான அரிசிக் கணக்கு. பிறப்பு இறப்பு விபரங்கள். தோட்டத்தில் ஒரு பிள்ளை பிறந்தால் அதை அறிவிக்கும் பொறுப்பு தோட்டத் துரைக்கு இருந்தது. பெற்ற தாய் எழுத்தறியாதவள். பிள்ளை பிறந்ததற்கான எழுத்துச் சான்று துரையின் கந்தோரில் தங்கிவிடும். ஒரு சமூகம் முழுவதன் நினைவும் அச்சமூகத்தின் கையில் இல்லாமல், கிளாக்கர் பூட்டித் திறக்கும் லாச்சிகளில் இருந்தது.

இதன் விலை என்னவென்று சுதந்திரத்துக்குப் பின்னரே தெரிந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பான்மையினரை நாடற்றவர்களாக்கியது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் ஒரு கதவைத் திறந்தது போலத் தோன்றியது. ஆனால் 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன்னர், மணமானவர் ஏழு ஆண்டுகளும் மணமாகாதவர் பத்து ஆண்டுகளும் இத்தீவில் இடையறாது வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும் என்றது. 1951 ஓகஸ்டில் விண்ணப்பக் காலம் முடிந்தபோது எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக மனுக்கள் குவிந்திருந்தன. ஈற்றில் உரிமை பெற்றோர் ஏறக்குறைய 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர்.

மற்றோரெல்லாம் இந்நாட்டில் வாழாதவர்களா? வாழ்ந்தார்கள், வாழ்ந்ததைக் காட்டும் தாள் அவர்கள் கையில் இல்லை. இருந்த தாளிலும் பெயர் பொருந்தவில்லை. முத்தையா என்ற பெயரை ஒரு கிளாக்கர் ஆங்கிலத்தில் ஒருவிதமாக எழுதுவார். அடுத்தவர் ஓர் எழுத்தைக் கூட்டுவார். விசாரணை மேசையில் அந்த ஓர் எழுத்து இரண்டு மனிதராகிவிடும். பிறகு 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று மனிதர் பங்கிடப்பட்டனர். எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். இந்தப் புகையிரதப் பாதையில் இறங்கி, தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரம் போனவர்களை மலையகம் இன்னும் மறக்கவில்லை. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தபோதுதான், எஞ்சியிருந்த நாடற்றோர் பிரச்சினைக்கு ஒரு முடிவு கிட்டியது. இடையில் கழிந்தவை ஐம்பத்தைந்து ஆண்டுகள்.

இதையெல்லாம் கராஜ்காரரிடம் நான் விரிவுரையாகச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அவர் உள்ளே போய் ஒரு பிஸ்கட் தகரப்பெட்டியை எடுத்து வந்தார். மேசையைக் கழற்றியபோது அடி லாச்சிக்குப் பின்னால் ஒரு தாள் செருகிக் கிடந்ததாம். அரிசிக் கணக்கின் பாதிப் பக்கம். ஓரம் கறளில் ஒட்டிச் சிவந்து, ஆங்கிலக் கையெழுத்தில் பதினொரு பெயர்கள், எதிரே அரிசியின் அளவு. ஆண்டைக் காட்டும் பகுதி கிழிந்து போயிருந்தது.

"யாரு பேருன்னு தெரியல சார். எங்க ஆளுக யாரும் இல்ல. ஆனா தூக்கிப் போட மனசு வரல. எங்க தாத்தாவுக்கும் இப்படி ஒரு கடதாசி இல்லாமதான் அவரு அண்ணன் குடும்பமெல்லாம் அந்தப் பக்கம் போனாங்க."

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. தாளை மீண்டும் பெட்டிக்குள் வைத்து மூடினார். வெளியில் வானின் அடியில் படுத்திருந்த பையன் ஏதோ ஸ்பானரைக் கேட்க, எழுந்து போய்விட்டார்.

எனக்கு முகம் வெளிறியிருக்க வேண்டும். காரணம் உண்டு. தொண்ணூறுகளில் இளம் செய்தியாளனாக மலையகத்தில் அலைந்தபோது, 1949இன் விசாரணைகளுக்கு நேரில் போய் வந்த முதியவர்கள் பலரிடம் பேசிக் குறிப்பெடுத்திருந்தேன். அதில் ஒரு சிறு பங்கே கட்டுரைகளாக வந்தது. மிகுதியெல்லாம் ஏழு குறிப்புப் புத்தகங்களாக, நான் பணியாற்றிய ஆசிரியபீடத்தில் எனக்கென்றிருந்த உருக்கு மேசையின் அடி லாச்சியில் கிடந்தன. அலுவலகம் இடம் மாறியது. மேசைகள் நிறுத்து விற்கப்பட்டன. லாச்சிகளைக் காலி செய்யுமாறு இரண்டு தடவை அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். நாளை, நாளை என்று இருந்துவிட்டேன். விடுமுறை முடிந்து திரும்பியபோது மேசை இருந்த இடத்தில் தரையில் நான்கு கறள் வட்டங்கள் மட்டுமே இருந்தன. குற்றம் முழுக்க என்னுடையது. என்னோடு பேசிய முதியவர்களில் இன்று உயிரோடிருப்போர் எவருமில்லை. அவர்களை விசாரித்த அதிகாரிகள் தாளில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். நான் தாளில் எழுதி வாங்கித் தொலைத்துவிட்டேன்.

1972லும் 1975லும் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. கந்தோர் கைமாறும்போது பொருட்பட்டியல் ஒன்று எடுப்பார்கள். அதில் மேசைக்கு ஒரு வரி உண்டு. லாச்சிக்குள் கிடந்தவற்றுக்கு வரி கிடையாது. பழைய இரும்புக்காரருக்கு மேசை நிறைக்கு மட்டுமே பெறுமதி. தாள் அவருக்குக் குப்பை. அதில் அவரைக் குறை சொல்ல ஏதுமில்லை.

ஆகையால் இதை வாசிப்போரிடம் ஒரு வேண்டுகோள். பழைய அலுவலக மேசையொன்றை வாங்கினால், சுரண்டத் தொடங்குமுன் லாச்சிகளை முழுமையாக வெளியே இழுத்து, பின்புறத்தையும் அடித்தகட்டையும் கைவிளக்கால் பாருங்கள். தாள் ஏதும் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். ஈரம் உலர விட்டு, மெல்லிய தகடொன்றைக் கீழே செலுத்தி எடுங்கள். படம் பிடித்து வையுங்கள். அவற்றைப் பேண விரும்புவோர் இருக்கிறார்கள். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் இருக்கிறது. கம்பளைப் பக்கத்தில் பழைய பீக்கொக் தோட்டத்தில் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது. நீலகிரியின் டான்டீ தோட்டங்களிலோ, திருச்சியிலோ, இலண்டனிலோ, ரொறன்ரோவிலோ இருக்கும் மலையக வழியினர் தங்கள் வீட்டு அலுமாரிகளையும் ஒருமுறை பார்க்கலாம். ஒரு பெயர்த் துண்டுச் சீட்டுக்கூட யாரோ ஒருவரின் பாட்டனாக இருக்கக் கூடும்.

பிற்பகல் மூன்று மணிக்கு வான் தயாராயிற்று. அந்தப் பாதிப் பக்கத்தைப் படமெடுக்க அனுமதி கேட்டேன். பச்சை மேசையின் மேல் துணி விரித்து, அவரே தாளை வைத்துப் பிடித்தார். பதினொரு பெயர்களும் தெளிவாக விழுந்திருக்கின்றன. இன்று அவற்றைக் கையால் படியெடுத்துவிட்டேன். இம்முறை லாச்சியில் வைக்கவில்லை.