வீரமாமுனிவர் பயின்ற பள்ளி

வீரமாமுனிவர் என்று தமிழுலகம் போற்றும் பெஸ்கி அடிகளாரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவர்தம் தமிழ்ப் பணியினையே விரித்துரைப்பர். தமிழகம் போதருமுன் அவர் பெற்ற கல்வியினை ஓரிரு தொடரிற் கூறி அமைவர். 1680இல் இத்தாலி நாட்டுக் காஸ்திலியோனே என்னும் ஊரிற் பிறந்தார். மாந்துவா நகரத்து இயேசு சபைப் பள்ளியிற் பயின்றார். 1698இல் அச்சபையிற் சேர்ந்தார் என்ற அளவில் அப்பகுதி முடிந்துவிடும். முப்பதாம் வயதினையொட்டி இந்நாடு அடைந்த ஒருவர் இலக்கணமும் அகராதியும் காப்பியமும் இயற்றினார் எனின், அதனைப் பிறவி மேதை என்று வியந்து நிற்றல் எளிது. ஆயின் அஃது ஆராய்ச்சியாகாது. சிறுவராய் அவர் அமர்ந்திருந்த வகுப்பறையில் கல்வி எவ்வாறு நிகழ்ந்தது என்பதை அறிந்தாலன்றி, அவர்தம் நூல்களின் நோக்கமும் அமைப்பும் முற்றும் விளங்கா என்பது என் கருத்து.

இயேசு சபையார் பொதுமக்கள்தம் மைந்தர்க்கெனப் பள்ளி நிறுவியது 1548இல், சிசிலித் தீவின் மெசினா நகரில். அடுத்த அரை நூற்றாண்டில் அப்பள்ளிகள் ஐரோப்பா எங்கும் பரவின. அவற்றிற்கெல்லாம் பொதுவாக ஒரு பாடத்திட்டம் வேண்டுமென 1586இலும் 1591இலும் வரைவுகள் எழுதப்பெற்றுத் திருத்தப்பட்டன. சபைத் தலைவர் அக்வாவீவா காலத்தில், 1599ஆம் ஆண்டு சனவரித் திங்களில், ‘இராசியோ ஸ்துதியோரும்’ என்னும் கல்வி ஒழுங்குமுறை முடிந்த வடிவில் வெளிப்போந்தது. மாந்துவாவாயினும் பாரிசாயினும் சபையின் பள்ளிகள் பின்பற்றற்குரியது இவ்வொன்றே. ஆகலின் அதனைக் கொண்டு பெஸ்கி பயின்ற பள்ளியின் இயல்பை அறிதல் தகும்.

பள்ளியின் கீழ்நிலை ஐந்து வகுப்புக்களால் ஆயது. முதல் மூன்றும் இலக்கண வகுப்புக்கள்; நான்காவது ‘உமானித்தாஸ்’ எனப்பட்ட இலக்கிய வகுப்பு; ஐந்தாவது சொல்லாற்றல் வகுப்பு. வயது நோக்கியன்று, தேர்ச்சி நோக்கியே மாணவர் மேல்வகுப்பிற்கு ஏறினர். காலையிலும் பிற்பகலிலுமாக நாடோறும் நான்கைந்து மணி நேரம் பாடம் நடந்தது. மாணவர் நாடோறும் திருப்பலி காணவும் திங்கள்தோறும் பாவசங்கீர்த்தனம் செய்யவும் வேண்டும். கல்விக்குக் கட்டணம் இல்லை. வறியவன் என்பதாலோ தாழ்ந்த குடியினன் என்பதாலோ எவனையும் விலக்கலாகாது என்று திட்டமே விதித்தது. கத்தி, குத்துவாள் முதலியவற்றைப் பள்ளிக்குள் கொணர்தல் கூடாது என்றும் ஒரு விதியுண்டு. அந்நாளைய நகரத்து இளைஞர்தம் இயல்பை இவ்விதியே நமக்குச் சொல்லிவிடுகிறது. குற்றவாளிகள் கொல்லப்படும் காட்சியைக் காணப் போகலாகாது என்று தடுத்த திட்டம், சமயப் பகைவர் கொல்லப்படுவதற்கு மட்டும் விலக்களிக்க இடம் வைத்தது. அக்கல்வியின் சிறப்பினைப் பாராட்டுவோர் இவ்விதியினையும் மறைத்தல் ஆகாது.

மாணவரை அடித்தல் ஆசிரியர்க்கு உரியதன்று. அடிக்க வேண்டிய குற்றமாயின், சபையைச் சேராத ‘திருத்துவோன்’ ஒருவனே அதனைச் செய்ய வேண்டும். மனப்பாடத்தை ஒப்புவிக்கக் கேட்டற்குப் பதின்மர்க்கு ஒரு மாணவத் தலைவன் இருந்தான். நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை இவனோடு ஒப்பு நோக்கத்தக்கவன். ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு போட்டியாளன் உண்டு. ஒருவன் பிழைபடக் கூறின் மற்றவன் உடனே அதனைத் திருத்தல் வேண்டும். உரோமர் என்றும் கார்த்தேசியர் என்றும் வகுப்பையே இரு படையாகப் பிரித்து வினாப்போர் நடத்துதலும் வழக்கில் இருந்தது.

இனிப் பாடம் சொல்லும் முறையே ஈண்டுச் சிறப்பாக நோக்கற்பாலது. ‘பிரேலெக்சியோ’ என்பது அதன் பெயர். ஆசிரியர் முதற்கண் பகுதி முழுவதையும் படிப்பார். அதன் கருத்தைச் சுருக்கிக் கூறுவார். பின் தொடர்தொடராக எடுத்துச் சொற்பொருளும் முடிபும் காட்டுவார். ஏற்புழி வரலாறும் புராணமும் உரைப்பார். மறுநாள் மாணவர் அதனைத் திரும்பச் சொல்வர். சனிக்கிழமையன்று வாரம் முழுவதும் கற்றது மீண்டும் ஓதப்படும். கருத்தும் பதப்பொருளும் எடுத்துக்காட்டும் வினாவும் விடையும் கூறுவது காண்டிகையுரை என்னும் நன்னூல் மரபினை அறிந்தார்க்கு இம்முறை அயலதாய்த் தோன்றாது. உரையாசிரியர் மரபில் ஊறிய தமிழ்ப் புலவர்பால் பாடங் கேட்கப் புகுந்த பெஸ்கியார்க்கும் அது அயலதாய்த் தோன்றியிராது என்று கருதற்கு இடனுண்டு.

இப்பள்ளியில் மொழி என்பது இலத்தீனே. அதற்கு அடுத்து ஓரளவு கிரேக்கம். இலத்தீன் அறியாத தொடக்க வகுப்பினர் நீங்கலாக ஏனையோர் வகுப்புக் காரியங்களில் தாய்மொழி பேசலாகாது என்று திட்டம் கண்டிப்பாக விலக்கியது. ஆயினும் தாய்மொழி முற்றும் வெளியேறிவிடவில்லை. இலக்கண வகுப்பில் ஆசிரியர் தாய்மொழியில் ஒரு பகுதியைச் சொல்ல, மாணவர் அதனை இலத்தீனில் ஆக்குதல் அன்றாடப் பயிற்சியாய் இருந்தது. அங்குத் தாய்மொழி கற்கப்படும் பொருளன்று. இலத்தீனை எய்துதற்குரிய ஏணி. தாய்மொழிக்கெனத் தனியிடம் 1832இல் திருத்தப்பெற்ற திட்டத்திலேதான் அமைந்தது. தாய்மொழியைப் புறத்தே நிறுத்திய ஒரு பள்ளி, பிற நாட்டு மக்களின் பேச்சு மொழிக்கு இலக்கணம் வகுத்த ஒருவரை எங்ஙனம் ஈன்றது? ஆராயத்தக்க வினா இஃதே.

விடையின் ஒரு பகுதி அப்பள்ளிகளில் வழங்கிய இலக்கண நூலில் உள்ளது. போர்ச்சுகீசியரான மானுவேல் ஆல்வாரெஸ் 1572இல் வெளியிட்ட அந்நூல் சொல்லியல், தொடரியல், யாப்பு என மூன்று பகுதியுடையது. இலத்தீன் எவர்க்கும் தாய்மொழியன்று ஆகலின், இலக்கணத்தின்வழியே மொழியைக் கற்றல் அங்குச் சிறுவர்க்கும் இயல்பாயிற்று. மொழி என்பது விதியாகப் பிரித்துப் பயிற்சியாக ஊட்டத்தக்கது என்னும் நம்பிக்கை அவ்வகுப்பறையிலேயே வேரூன்றியது. அதே நூல் 1594இல் சப்பான் நாட்டு அமாகுசாவில், சப்பானிய வினைவடிவங்கள் சேர்க்கப்பெற்று அச்சாயிற்று.

பெஸ்கியாரின் இலத்தீன் இலக்கண நூல்களை நிரல்பட வைத்து நோக்கின் பள்ளி வகுப்புக்களின் வரிசை புலனாகும். கொடுந்தமிழ் இலக்கணம் புதிதாய் வரும் குருமார்க்குரிய தொடக்க நூல். செந்தமிழ் இலக்கணம் அதற்கு மேற்பட்டது. மூன்றாவது எழுத்து முதல் அணி ஈறாக ஐந்திலக்கணமும் கூறுவது. அதற்கு அவர் இட்ட இலத்தீன் பெயர் ‘கிளாவிஸ் உமானியோரும் லித்தெராரும்’ எனத் தொடங்குகிறது. உமானித்தாஸ் என்ற நான்காம் வகுப்பின் பெயரே ஈண்டுத் தமிழிலக்கியக் கல்விக்குப் பெயராயிற்று. கிரேக்க, உரோம நூல்களுக்கே உரியதாக ஐரோப்பியர் வழங்கிய ஒரு பெயரைத் தமிழுக்கு அவர் உரித்தாக்கியமை சிறு செய்தியன்று. இனி, ஐந்திலக்கணப் பகுப்பே ஆல்வாரெசின் பயன் என்று கூற யான் துணியேன். வீரசோழியம் அதனை நெடுங்காலத்திற்கு முன்னரே காட்டிற்று. பரமார்த்த குரு கதையோ இலத்தீன் மொழிபெயர்ப்போடு அமைந்த பயிற்சி நூல். பள்ளியில் தாய்மொழிப் பகுதி இலத்தீனுக்கு ஏணியாயிற்று. இந்நூலிலோ இலத்தீன் தமிழுக்கு ஏணியாயிற்று. நகைச்சுவை கருதியே இதனைப் போற்றுவோர் அதன் வகுப்பறைப் பயனை மறந்துவிடுகின்றனர்.

அப்பள்ளியின் குறையும் அவரோடு உடன் வந்தது. உமானித்தாஸ் வகுப்பில் வர்ஜில் பாடமாகலாம். ஆனால் ஆயர் பாடல்களிற் சிலவும் ஈனெயித் காப்பியத்தின் நான்காம் பகுதியும் விலக்கப்பட வேண்டும் என்பது விதி. அந்நான்காம் பகுதி தீதோ என்னும் அரசியின் காதலையும் சாவையும் கூறுவது. அறிஞர் பலர் அக்காப்பியத்தின் உச்சமாகக் கருதுவதும் அதுவே. வர்ஜில் பிறந்த மாந்துவாவிலும் திட்டத்தின் விதி இதுவே. பிற்காலத்தே பெஸ்கியார் திருக்குறளை இலத்தீனில் ஆக்கியபோது அறத்துப்பாலையும் பொருட்பாலையும் மொழிபெயர்த்தார், இன்பத்துப்பாலை விடுத்தார். துறவி ஆகலின் விடுத்தார் என்று அமைதி கூறுவாருளர். அது பொருந்தாது என்று யான் கூறேன். ஆயினும் ஒரு பெருநூலைப் போற்றிக்கொண்டே அதன் ஒரு பகுதியை மூடி வைத்தல் அவர் பயின்ற கல்விமுறைக்கு இயல்பானது. நூலினும் கற்போனின் ஒழுக்கமே பெரிது என்று எண்ணியது அக்கல்வி. அவ்வெண்ணத்தால் குறளின் முப்பாலுள் ஒன்றைப் போல்வதோர் இழப்பு நேர்ந்ததையும் நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. அச்சிட்டோர் அவர் எதிர்த்து எழுதிய உலூத்தரன் சபையார். அவர்தம் குருமாரும் புதிதாய்த் தமிழ் கற்க வேண்டியவராய் இருந்தனர்.