விபத்துச் சிகிச்சையில் காலமும் தொலைவும்: தென்காசி, குற்றாலம் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

காயமுற்றவருக்கான சிகிச்சை மருத்துவமனை வாயிலில் தொடங்குகிறதா, அவர் வீழ்ந்த இடத்திலேயே தொடங்குகிறதா என்னும் வினா விபத்து மருத்துவத்தின் வரலாறு நெடுகிலும் தொடர்ந்து வந்துள்ளது. பெரிய மருத்துவமனைகளுக்கு அண்மையில் வாழ்வோர் இவ்வினாவின் கூர்மையை அவ்வளவாக உணர்வதில்லை. அவற்றினின்று விலகி, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த தென்காசி, குற்றாலம் வட்டாரத்தை முன்வைத்து அதனை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கியச் சான்று

புண்ணைத் தைக்கும் நெடிய வெள்ளூசியைப் பதிற்றுப்பத்து (42) நீருள் பாய்ந்து மீளும் சிரல் பறவைக்கு உவமிக்கிறது. வீட்டில் வேம்பும் இரவமும் செருகி, ஐயவி தூவி, நறும்புகை எழுப்பி, காஞ்சிப் பண் பாடிப் புண்பட்ட வீரனைக் காத்தலைப் புறநானூறு (281) சித்திரிக்கிறது. தையலும் காவலும் பேசப்படும் இப்பாடல்களில், வீரன் களத்திலிருந்து எவ்வாறு கொண்டுவரப்பட்டான் என்பது பேசப்படவில்லை. பிற்கால விபத்து மருத்துவத்தின் பெருஞ்சிக்கல் அந்த இடைவழியிலேயே இருந்தது.

ஐம்பத்தைந்து கிலோமீட்டர்

திருமங்கலம் - கொல்லம் நெடுஞ்சாலை தென்காசி, செங்கோட்டை வழியாகப் புளியரை மலைப்பாதை ஏறிக் கேரளத்துள் நுழைகிறது. சரக்கு லாரிகளும், சாரல் காலத்தில் அருவிகளை நாடி வரும் வாகனங்களும், கார்த்திகை, மார்கழியில் சபரிமலை செல்வோரும் இச்சாலையையே பயன்படுத்துகின்றனர். 2024 ஜனவரி 28 அன்று குற்றாலத்தில் நீராடித் திரும்பியோரின் கார் புளியங்குடி அருகே லாரியுடன் மோதியதில் அறுவர் இறந்தனர்.

தென்காசி 2019 நவம்பர் 22 அன்று தனி மாவட்டமாயிற்று. எனினும் 2022 ஜனவரியில் தமிழகத்தில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளுள் ஒன்றுகூட இம்மாவட்டத்திற்குக் கிட்டவில்லை. தலைக்காயமும் பலவுறுப்புக் காயமும் உற்றோரை மேல்சிகிச்சைக்காக, 1965இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கு அனுப்புவது நெடுநாள் வழக்கம். இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 55 கி.மீ.

தொலைவும் சட்டமும் மோதிய வழக்கொன்று இங்கு நினைக்கத்தக்கது. கார் மோதிக் காயமுற்ற ஸ்கூட்டர் ஓட்டுநர் ஒருவரை அருகிலிருந்த மருத்துவமனை ஏற்க மறுத்து, காவல்துறை வழக்குகளைக் கையாள உரிமை பெற்ற, 20 கி.மீ. அப்பாலுள்ள மருத்துவமனைக்கு அனுப்பியது. அவர் வழியிலேயே இறந்தார். இச்செய்தியை அடிப்படையாகக் கொண்ட பரமானந்த் கட்டாரா வழக்கில், உயிர் காப்பதே மருத்துவரின் முதற்கடமை, சட்ட நடைமுறைகள் அதற்குத் தடையாகா என உச்ச நீதிமன்றம் 1989இல் தீர்ப்பளித்தது. ஆயினும், காயமுற்றோரைத் தூக்கிச் செல்வோரின் அச்சம் அகலவில்லை. சாட்சிக்கும் விசாரணைக்கும் அலைய நேரும் என்பதே அவ்வச்சம். உதவுவோருக்கான பாதுகாப்பு, 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில்தான் 134அ பிரிவாக இடம்பெற்றது. ஒரே சிக்கலின் இரு பாதிகளைத் தீர்க்க முப்பது ஆண்டுகள் தேவைப்பட்டன.

தமிழகத்தில் 2008இல் தொடங்கிய 108 ஊர்தியும், முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும், 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டமும் ஊர்திக் குறையையும் பணத்தடையையும் குறைத்தன. காலம் மட்டும் குறையாது நின்றது.

மூன்று மணி நேரம்

குருதியிழப்பைக் கட்டுப்படுத்தும் டிரானெக்சாமிக் அமிலம் 1960களில் ஜப்பானிய ஒகமோட்டோ இணையரால் கண்டறியப்பட்டது. விலை குறைந்த இம்மருந்தை விபத்துக் காயங்களில் சோதித்த கிராஷ்-2 ஆய்வில் 40 நாடுகளின் 274 மருத்துவமனைகள் பங்கேற்றன. அவற்றுள் இந்திய மருத்துவமனைகளும் அடங்கும். 2010இல் வெளியான முடிவின்படி, 20,211 நோயாளருள் மருந்து பெற்றோரின் இறப்பு 14.5 விழுக்காடு, பெறாதோரின் இறப்பு 16.0 விழுக்காடு. மறு ஆண்டு வெளியான பகுப்பாய்வு மேலும் இன்றியமையாதது. காயமுற்ற முதல் ஒரு மணி நேரத்துள் மருந்து பெற்றோருள் குருதியிழப்பு இறப்பு 7.7இலிருந்து 5.3 விழுக்காடாகக் குறைந்தது. மூன்று மணி நேரம் கடந்து பெற்றோருள் அது 3.1இலிருந்து 4.4ஆக உயர்ந்தது. காலம் தாழ்ந்தால் அதே மருந்தே தீங்காகலாம்.

மலைப்பாதையில் காயமுற்றவர் முதலில் செங்கோட்டையையோ தென்காசியையோ அடைந்து, அங்கிருந்து நெல்லைக்கு அனுப்பப்பட்டு, அங்கும் காத்திருக்க நேரின் மூன்று மணி நேரம் நீண்ட காலமன்று. ஆகவே, அனுப்பும் மருத்துவமனையிலேயே ஊசி செலுத்தப்பட்டதா என்பது சிகிச்சையின் தரத்தை அளக்கும் முதன்மை வினாவாகிறது. விபத்து நேர்ந்த நேரம், முதல் மருத்துவமனையை அடைந்த நேரம், முதல் ஊசியின் நேரம், நெல்லையில் சேர்ந்த நேரம் ஆகிய நான்கும் ஒரே பதிவேட்டில் இடம்பெறின், இவ்வட்டாரம் குறித்த அடுத்த ஆய்வு அங்கிருந்தே தொடங்க இயலும்.