யார் முதலில் போவது?

2011 மே மாதம். நான் படிவம் மூன்று படித்துக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழக விடுமுறையில் வந்திருந்த அக்கா, கணினித் திரையைப் பார்த்துப் பார்த்து ஒரு பயிற்சிப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். ஃபிரெண்ட்ஸ்டரில் தோழிகள் அவளைப் பற்றி எழுதிய டெஸ்டிமோனியல்கள். மாதக் கடைசியோடு எல்லாம் அழியப்போவதாக அறிவிப்பு வந்திருந்தது. "இதப் போய் கையால எழுதுறியா?" என்று சிரித்தேன். "போடா, உனக்கு என்ன தெரியும்" என்றாள்.

2002இல் அமெரிக்காவில் ஜோனதன் ஏப்ரம்ஸ் தொடங்கிய ஃபிரெண்ட்ஸ்டர், அங்கே மைஸ்பேஸிடமும் ஃபேஸ்புக்கிடமும் தோற்ற பிறகும் நம் வட்டாரத்தில் உயிரோடு இருந்தது. 2009 இறுதியில் அதை வாங்கியதே எம்ஓஎல் குளோபல் என்ற மலேசிய நிறுவனம்தான். விளையாட்டுத் தளமாக மாற்றும் திட்டத்தில் பழைய படங்களும் பதிவுகளும் நீக்கப்பட்டன. அதற்குள் பலர் முகநூலுக்குப் போயிருந்தார்கள். யாரும் அவர்களைத் துரத்தவில்லை. தோழி போனாள், அதனால் அக்காவும் போனாள்.

எல்லாம் ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பதுதான் சிக்கல் என்று நினைத்தவர்கள் அப்போதே இருந்தார்கள். 2010இல் நியூயார்க் பல்கலைக்கழக மாணவர்கள் நால்வர் 'டயஸ்போரா'வுக்காக 10,000 டாலர் கேட்டார்கள். 2 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. 2016இல் ஜெர்மனியில் ஓய்கன் ரோச்கோ 'மாஸ்டடோன்' வெளியிட்டார். மின்னஞ்சல் மாதிரிதான். ஆளுக்கொரு சர்வர் வைத்துக்கொள்ளலாம், ஜிமெயிலில் இருப்பவர் யாஹூவில் இருப்பவருக்கு எழுதுவதுபோல ஒரு சர்வரில் இருப்பவர் இன்னொன்றில் இருப்பவரோடு பேசலாம்.

2022 அக்டோபர் 27 அன்று டுவிட்டர் எலான் மஸ்க் கைக்குப் போனது. அக்டோபரில் சுமார் 3 லட்சமாக இருந்த மாஸ்டடோனின் மாதாந்தரப் பயனர்கள் நவம்பரில் 25 லட்சமாகக் கூடினார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். முதல் கேள்வியே என்னை நிறுத்தியது: எந்த சர்வர்? பொறியியல் படித்தவன், அரை மணி நேரம் முழித்தேன். டுவிட்டரில் யாரும் இதைக் கேட்டதில்லை. சுதந்திரம் வேண்டும் என்று வந்தவனுக்கு ஒரு தேர்வே பாரமாக இருந்தது.

அப்புறம் அந்த அமைதி. அங்கே நாம் பின்தொடர்பவர்களின் பதிவுகள் நேர வரிசைப்படி வரும், நம் பதிவை அல்காரிதம் யாரிடமும் தள்ளிவிடாது. நான் எழுதினேன், யாரும் பதில் சொல்லவில்லை. நான்கு மாதத்தில் திரும்பிவிட்டேன். நான் மட்டுமல்ல, அந்த 25 லட்சமும் அடுத்த மாதங்களில் வெகுவாகக் குறைந்தது. 2019 நவம்பரில், வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் டுவிட்டர் கணக்கு முடக்கப்பட்டதை அடுத்து, இந்தியாவிலிருந்தும் இப்படி ஓர் அலை கிளம்பி அடங்கியிருக்கிறது.

கோபம் கணக்குத் திறக்கப் போதும். தங்குவதற்கு ஆட்கள் வேண்டும். நீ போனால் நான் வருகிறேன் என்று எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். இதற்கு எந்த நிரலும் எழுத முடியாது.

மாஸ்டடோனில் சர்வர் மாறும்போது பின்தொடர்பவர்கள் கூடவே வருவார்கள், பழைய பதிவுகள் வராது. இதைப் படித்தபோது அக்காவின் ஞாபகம் வந்தது. அவளுக்குத் தோழிகள் முகநூலில் கிடைத்துவிட்டார்கள். அவர்கள் எழுதியதைத்தான் அவள் கையால் சுமந்து வந்தாள்.

நம்முடைய இலக்கியச் சண்டைகள், நூல் விமர்சனங்கள், எழுத்தாளர் இறந்த இரவில் எழுதிய அஞ்சலிகள் என்று பத்து வருடத்துக்கு மேலான பேச்சு முகநூலில் கிடக்கிறது. அதில் எவ்வளவுக்கு நம்மிடம் நகல் இருக்கிறது? எல்லாரும் இடம் மாறுங்கள் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை, நானே நான்கு மாதம் தாங்கவில்லை. என் பதிவுகளை மட்டும் இப்போது மாதாமாதம் இறக்கி வைக்கிறேன். புலனக் குழுவில் நாங்கள் ஐந்து பேர், போனால் ஒரே நாளில் போவோம் என்று பேசியிருக்கிறோம். நாள் இன்னும் குறிக்கவில்லை.

அக்காவின் பயிற்சிப் புத்தகம் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. பின்னட்டையில் வாய்ப்பாடு. உள்ளே, அவளோடு இப்போது பேச்சே இல்லாத ஒரு தோழி அவளைப் பற்றி எழுதிய இரண்டு பக்கம்.