தமிழ்ப் பத்திரிகைத் திரைவிமர்சனமும் காவிரி நாடும்

தமிழ்ப் பத்திரிகைத் திரைவிமர்சனம் என்பது, புதிதாக வெளிவரும் திரைப்படங்களைப் பற்றி நாளிதழ்களிலும் வார இதழ்களிலும் பிரசுரமாகும் அபிப்பிராயக் கட்டுரைகளைக் குறிக்கும். 1931-இல் முதற் பேசும்படம் வந்த நாள்தொட்டு வளர்ந்துவந்த இத்துறைக்கு உருவம் கொடுத்தவர்களுள் முதன்மையான சிலர், அந்நாளில் தஞ்சாவூர் ஜில்லா என வழங்கிய காவிரிப் பாசன நாட்டில் பிறந்தவர்கள். அந்த ஜில்லாவின் பெரும்பகுதி இன்று தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய மாவட்டங்களில் அடங்கியுள்ளது. கச்சேரி கேட்டுக் கேட்டுப் பண்பட்ட செவியும், நன்செய் நாட்டு வாழ்க்கையை உள்ளிருந்து அறிந்த கண்ணும் சேர்ந்தே இவர்களுடைய விமர்சனத்தை உருவாக்கின. பாட்டைச் செவியாலும் ஊரைக் கண்ணாலும் சோதித்துப் பார்க்கும் அந்த முறை, பிற்காலத்தில் மதிப்பெண்களும் நட்சத்திரக் குறிகளும் வந்த பின்னரும் முற்றிலும் மறைந்துவிடவில்லை.

தோற்றம்

எச். எம். ரெட்டியின் ‘காளிதாஸ்’ 1931-ஆம் ஆண்டு அக்டோபர் 31-இல் சென்னைக் கினிமா சென்டிரல் கொட்டகையில் திரையிடப்பட்டது. அதன் கதாநாயகி டி. பி. ராஜலக்ஷ்மி தஞ்சையை அடுத்த சாலியமங்கலத்தில் பிறந்தவர். தமிழும் தெலுங்கும் கலந்து பேசிய அப்படத்தில், கதைக்குப் பொருந்துமா என்ற ஆராய்ச்சியின்றித் திருவையாற்றுத் தியாகராஜ சுவாமிகளின் கீர்த்தனைகளும் பாடப்பட்டன. படம் வெளியாவதற்கு இரண்டு நாள் முன்னரே ‘சுதேசமித்திரன்’ அதைப்பற்றி எழுதியது. அக்காலத்துப் படம் ஒவ்வொன்றும் பாட்டுக்களின் கோவையாக இருந்தமையால், அதைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல முற்பட்டவர் சங்கீதம் அறிந்தவராக இருக்க வேண்டியது அவசியமாயிற்று. சங்கீத விமர்சகரே திரைவிமர்சகராகவும் ஆனதற்கு இதுவே காரணம்.

‘கர்நாடகம்’

மாயவரத்தை அடுத்த புத்தமங்கலத்தில் 1899-இல் பிறந்த ரா. கிருஷ்ணமூர்த்தி, ‘கல்கி’ என்ற பெயரில் கதைகளையும், ‘கர்நாடகம்’ என்ற பெயரில் ஆடல் பாடல் விமர்சனங்களையும் ‘ஆனந்த விகட’னில் எழுதிவந்தார். விமர்சனத்தைப் பண்டித விவாதமாக்காமல், திண்ணையில் உட்கார்ந்து பேசுகின்ற சம்பாஷணையாக அமைத்துக்கொண்டு, சிரிக்கச் சிரிக்கச் சொல்லியே வித்துவான்களையும் நடிகர்களையும் கண்டிக்கும் ஆற்றல் அவருக்கு வாய்த்திருந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் பம்பாயில் பாபுராவ் பட்டேல் தொடங்கிய ‘பிலிம் இந்தியா’ பத்திரிகையின் கண்டனங்கள் தாக்குதலுக்குப் பெயர்பெற்றவை; கல்கியின் கண்டனமோ, கண்டிக்கப்பட்டவரும் சேர்ந்து சிரிக்கத்தக்க பரிகாசமாகவே பெரும்பாலும் அமைந்தது.

இதற்குச் சிறந்த உதாரணம் 1935-இல் வெளிவந்த ‘பக்த நந்தனார்’ பற்றிய விமர்சனம். கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராகவும், கும்பகோண வட்டாரத்து மகாராஜபுரம் விசுவநாதய்யர் வேதியராகவும் நடித்த இப்படத்துக்காகச் சுந்தராம்பாளுக்கு 1 லட்சம் ரூபாய் சன்மானம் வழங்கப்பட்டதென்ற செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. அத்தகைய படத்தில் நடிப்புக்காக முதலிடம் பெறத்தக்கவை பனைமரங்களே என்றும், அவற்றுக்கு அடுத்தபடியாக எருமையும் ஆட்டுக்குட்டியும் நன்றாக நடித்திருக்கின்றன என்றும் கல்கி எழுதினார். வெறும் கேலியாகத் தோன்றும் இக்கூற்றில் ஓர் உண்மையான அளவுகோல் மறைந்துள்ளது. பண்ணையாளாக இருந்த சிவபக்தர் நந்தனாரின் ஆதனூரும், அவர் வழிபட்ட திருப்புன்கூரும், அவர் கதையைக் கீர்த்தனைகளாகப் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் வாழ்ந்த ஆனந்ததாண்டவபுரமும் கல்கி பிறந்த சீமையிலேயே உள்ளவை. பண்ணையாளின் வாழ்க்கையையும் வயல்வெளியையும் சிறுவயது முதல் கண்டறிந்த ஒருவருக்கு, நாடகமேடையை விட்டிறங்காத மனிதர்களைக் காட்டிலும், இயல்பாக நின்ற மரமும் மாடும் மெய்யாகத் தோன்றியதில் வியப்பில்லை. இயற்கைத்தன்மை என்பதைத் திரைப்படத்தின் குணமாக எதிர்பார்க்கும் போக்கு, தமிழில் இவ்வாறு நகைச்சுவையின் வழியாகவே தொடங்கிற்று எனலாம்.

பத்திரிகையும் படமும்

விமர்சகருக்கும் படத் தயாரிப்பாளருக்கும் இடையே இருக்க வேண்டிய தூரம் தமிழ்நாட்டில் தொடக்க முதலே குறைவாக இருந்தது. திருத்துறைப்பூண்டியில் பிறந்த எஸ். எஸ். வாசன் 1928-இல் ‘ஆனந்த விகட’னை விலைக்கு வாங்கினார், பின்னர் ஜெமினி ஸ்டுடியோவை நிறுவி, 1942-இல் தண்டபாணி தேசிகரைக் கொண்டு ‘நந்தனார்’ கதையையே மீண்டும் படமாக்கினார். பாபநாசத்தில் பிறந்த கே. சுப்பிரமணியம் இயக்கிய ‘தியாகபூமி’க்குக் கதை கல்கியுடையது, அக்கதை 1939-இல் விகடனில் தொடராக வெளிவந்தபோது, படத்தின் காட்சிகளே அதற்குச் சித்திரங்களாக அச்சிடப்பட்டன. விகடனிலிருந்து விலகிய கல்கி 1941-இல் பாடகி எம். எஸ். சுப்புலட்சுமியின் கணவர் சதாசிவத்துடன் சேர்ந்து ‘கல்கி’ இதழைத் தொடங்கியபோது, சுப்புலட்சுமி ‘சாவித்திரி’ படத்தில் நாரதராக நடித்துப் பெற்ற பணமே முதலாக உதவிற்று. 1945-இல் வெளிவந்த ‘மீரா’வுக்குக் கல்கி வசனமும் எழுதினார்.

ஒரே கை படத்தையும் ஆக்கி, அதைப் பற்றிய பத்திரிகையையும் நடத்துமானால் நடுநிலைமை எவ்வாறு நிற்கும் என்ற வினா இங்கே எழுவது நியாயமே. ஆயினும் இந்த நெருக்கத்தால் விளைந்த நன்மையும் ஒன்று உண்டு: கொட்டகையின் கணக்கையும் படப்பிடிப்பின் சங்கடங்களையும் உள்ளிருந்து தெரிந்துகொண்ட பேனாக்கள் தமிழ்ப் பத்திரிகையுலகுக்குக் கிடைத்தன. அடுத்த தலைமுறையிலும் இதற்குச் சான்றுண்டு. கும்பகோணத்தை அடுத்த உடையாளூரைச் சொந்த ஊராகக் கொண்ட கண்டிப்புமிக்க விமர்சகர் வெங்கட் சாமிநாதன், ஜான் ஆபிரகாம் இயக்கித் தேசிய விருது பெற்ற ‘அக்ரகாரத்தில் கழுதை’ (1977) படத்துக்குத் திரைக்கதை எழுதினார்.

மதிப்பெண் முறை

1970-களின் பிற்பகுதியில் ‘ஆனந்த விகடன்’ விமர்சனக் குழு ஒன்றை அமைத்து, படத்துக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் வழங்கத் தொடங்கிற்று. 1977-இல் வெளிவந்த பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ பெற்ற 62.5 மதிப்பெண்ணே அம்முறையில் மிக உயர்ந்ததென அறியப்படுகிறது. அடுத்த ஆண்டு வந்த மகேந்திரனின் ‘முள்ளும் மலரும்’ 61 பெற்றது. ஐம்பதைத் தாண்டினாலே பெரும்பேறு என்று இயக்குநர்கள் கருதும் அளவுக்கு இம்முறை செல்வாக்குப் பெற்றது. எண்ணைப் பார்த்துவிட்டு எழுத்தைப் படியாமல் பக்கத்தைப் புரட்டிவிடும் பழக்கத்தை வளர்த்ததும் இதுவே. தமிழ் நாளிதழ்களோ பெரும்பாலும் கதைச்சுருக்கம், நடிப்பு, பாட்டு, ஒளிப்பதிவு என்ற வரிசையில், ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கியம் பங்கிட்டுக் கொடுத்து முடிக்கும் முறையையே கைக்கொண்டன.

திரையில் காவிரி நாடு

தஞ்சை நாட்டைக் களமாகக் கொண்ட படங்கள் விமர்சகர்களுக்கு எப்போதும் ஒரு சோதனையாகவே அமைந்துள்ளன. ஏனெனில் அவற்றுட் பல, வாசகர்கள் முன்னரே படித்து மனத்தில் பதித்துக்கொண்ட தொடர்கதைகளிலிருந்து பிறந்தவை. கொத்தமங்கலம் சுப்பு விகடனில் எழுதிய ‘தில்லானா மோகனாம்பா’ளுக்குத் தஞ்சையில் பிறந்த கோபுலு தீட்டிய சித்திரங்களில், சிக்கல் சண்முகசுந்தரமும் மோகனாவும் முன்பே உருவம் பெற்றிருந்தனர், 1968-இல் ஏ. பி. நாகராஜன் அதைப் படமாக்கியபோது சிவாஜி கணேசனும் பத்மினியும் அந்தச் சித்திரங்களோடும் போட்டியிட வேண்டியிருந்தது. தி. ஜானகிராமனின் கும்பகோணத்து நாவலான ‘மோகமுள்’, ஞான ராஜசேகரனின் கையில் படமாகி, முதற்பட இயக்குநருக்கான இந்திரா காந்தி விருதைப் பெற்றது. எனினும் பாபுவையும் யமுனாவையும் எழுத்தில் அறிந்திருந்தவர்கள் நாவலையே கையில் வைத்துக்கொண்டு படத்தை அளந்தனர். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’, மணிரத்னத்தின் இயக்கத்தில் 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வந்தபோதும், நாவலிலிருந்து விலகிய இடங்கள் எவை, படியாதவர்க்குப் பெயர்களும் உறவுகளும் விளங்குமா என்பனவே விமர்சனங்களின் முக்கிய விசாரங்களாயின. விமர்சகராக இருந்தவரின் நாவலே விமர்சகர்களின் அளவுகோலாக மாறியது இத்துறையின் விசித்திரங்களுள் ஒன்று.

நாவலைச் சாராத படங்களும் உண்டு. சீட்டுக் கம்பெனி மோசடியால் சீரழியும் கும்பகோணப் பகுதிக் குடும்பத்தைக் காட்டிய ‘மகாநதி’ (1994), டெல்டாக் கிராமத்து இளைஞர்களின் பேச்சையும் குறும்பையும் கொண்ட சற்குணத்தின் ‘களவாணி’ (2010), தஞ்சைப் பள்ளிக்கூடத்து நினைவுகளைச் சொன்ன பிரேம்குமாரின் ‘96’ (2018) ஆகியவை அவ்வகையின.

அண்மைக்காலம்

பிரேம்குமாரின் அடுத்த படமான ‘மெய்யழகன்’ 2024 செப்டம்பர் 27-இல் வெளியாயிற்று. பங்காளிச் சண்டையில் தஞ்சை வீட்டை இழந்து சென்னைக்குக் குடிபெயர்ந்த அருள்மொழி, இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, தங்கை முறையுள்ள ஒருத்தியின் கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறான். தன்னை ‘அத்தான்’ என்று வாய்நிறைய அழைத்து உபசரிக்கும் உறவினனின் பெயர்கூட நினைவுக்கு வராமல், ஓர் இரவு முழுவதும் அவன் படும் தவிப்பே கதை. அரவிந்த்சாமி, கார்த்தி ஆகியோரின் நடிப்பையும் உறவின் ஈரத்தையும் போற்றிய பத்திரிகைகள் பல, பிற்பகுதியில் நீளும் உரையாடல்களைக் குறையாகச் சொல்லின. சில நாட்களுக்குள் ஏறத்தாழ 18 நிமிடக் காட்சிகள் படத்திலிருந்து நீக்கப்பட்டன.

அதே ஆண்டில் ‘இந்தியன் 2’, ‘கங்குவா’ முதலிய பெரும்படங்கள் இணையவழி விமர்சனங்களில் கடுமையாகத் தாக்கப்பட்டதைத் தொடர்ந்து, திரையரங்க வளாகத்தில் பார்வையாளர்களின் கருத்துக்களைப் படம்பிடிக்க இடந்தரக் கூடாதென்று தயாரிப்பாளர் சங்கம் வேண்டிற்று. வெளியீட்டின் முதல் மூன்று நாட்களுக்கு இணைய விமர்சனங்களைத் தடைசெய்யக் கோரிய வழக்கில், டிசம்பர் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய பொதுத் தடை விதிக்க மறுத்தது.

மதிப்பீடு

நகரத்தில் திரையிடப்பட்ட படம் கிராமத்து டூரிங் கொட்டகையை அடைய மாதங்கள் சென்ற காலத்தில், வார இதழின் விமர்சனம் படத்துக்கு முன்னரே ஊர் வந்து சேர்ந்து, படம் பாராதவர்களாலும் அதன் எழுத்துக்காகவே படிக்கப்பட்டது. பெட்டிக்குள் அடங்கிய பிலிம் சுருளை அந்த விமர்சனம் மாற்ற இயலாது. அடுத்த படத்தை எடுப்பவரின் மனத்தையே அது திருத்த முயன்றது. இன்றோ முதல் நாள் முதல் காட்சி முடியுமுன் அபிப்பிராயங்கள் பரவி, வாரம் முடியுமுன் அதே படம் வெட்டப்படுகின்றது. இவ்வளவு அதிகாரத்தைக் கல்கியின் பேனாகூடப் பெற்றிருக்கவில்லை. ‘மெய்யழக’னில் நீளம் என்று ஒருவர் குறைகூறியது, ஊர் விட்டுப் போனவனிடம் ஊரிலே தங்கிவிட்டவன் ஓர் இரவு முழுவதும் பேசித் தீர்க்கும் இயல்பான பேச்சாகவும் இருக்கக்கூடும். இரண்டையும் பிரித்தறிய ஊரையும் மனிதரையும் அறிந்த கண் வேண்டும். அந்த அறிவின்றிச் சொல்லப்படும் தீர்ப்பும் இன்று கத்தரிக்கோலாகப் பயன்பட்டுவிடுவதால், விமர்சகனின் பொறுப்பு முன்னிலும் பன்மடங்கு பெருகியுள்ளது.