மீட்டர் பேச ஆரம்பிச்ச கதை

ஒரே மாதிரி கட்டின வீடுகள். அதே சுவர், அதே ஜன்னல், அதே ஹீட்டர். ஆனா குளிர்காலத்துல ஒரு வீட்டுல எரியுற கேஸ், இன்னொரு வீட்டை விட ரெண்டு மடங்கு வரைக்கும் போகுது. 1970-கள்ல, அமெரிக்காவோட நியூ ஜெர்சியில, ட்வின் ரிவர்ஸ்ங்கிற குடியிருப்புல பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்த்த விஷயம் இது. குடியிருந்தவங்க காலி பண்ணி வேற குடும்பம் வந்தா, அதே வீட்டோட செலவும் மாறுச்சு. அப்போ செலவைத் தீர்மானிக்கிறது கட்டடம் மட்டும் இல்ல, உள்ள இருக்கிற மனுஷங்களும்தான்.

ஆனா அந்த மனுஷங்களுக்கு இது எப்படித் தெரியும்? கரண்ட் பில் ஹாஸ்டல் மெஸ் பில் மாதிரி. மொத்தத் தொகை இருக்கும். எத்தனை தோசை சாப்பிட்டோம்னு இருக்காது.

க்ளைவ் செலிக்மன், ஜான் டார்லின்னு ரெண்டு உளவியலாளர்கள் அங்க ஒரு சோதனை பண்ணாங்க. 29 வீடுகள். அதுல ஒரு பாதிக்கு மட்டும், கிட்டத்தட்ட ஒரு மாசம், வாரத்துல பல நாள் மீட்டரைப் படிச்சு சமையலறை ஜன்னல்கிட்ட ஒரு எண்ணைக் காட்டினாங்க. வெறும் யூனிட் கணக்கு இல்ல. இந்த வெயிலுக்கு நீங்க இவ்வளவு செலவழிச்சிருக்கணும், அதுல இத்தனை சதவீதம் செலவழிச்சிருக்கீங்க, அவ்வளவுதான். எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடிச்சது. வெயில் ஏறினா ஏசியும் ஏறும். அந்தச் சாக்கை முன்னாடியே கழிச்சிட்டாங்க! 1977-ல வந்த கட்டுரைப்படி, எண்ணைப் பார்த்த வீடுகள் மத்த வீடுகளை விட 10.5 சதவீதம் மின்சாரம் கம்மியா செலவழிச்சிருக்கு. ஆப் இல்ல, சென்சார் இல்ல.

1980-கள்ல எம்ஐடியில ஜார்ஜ் ஹார்ட் அடுத்த கதவைத் திறந்தார். மொத்த வீட்டுக்கும் ஒரே ஒரு மீட்டர். ஃப்ரிட்ஜ் ஓடினா கோடு ஒரு படி ஏறும், நின்னா அதே அளவு இறங்கும். அந்தப் படிகளை வச்சே எந்தக் கருவி எப்போ ஓடுதுன்னு பிரிச்சிடலாம். மெஸ் பில்லுல தோசைக் கணக்கு வந்தாச்சு.

ஆனா நீங்க எப்போ எழுந்தீங்க, எப்போ வீட்டுல இல்லன்னும் அதே கோடு சொல்லிடுமே? 1989-லயே ஹார்ட் இதை எச்சரிச்சு எழுதிட்டார், இது கண்காணிப்புக்கும் உதவும்னு. 20 வருஷம் கழிச்சு, 2009-ல, ஸ்மார்ட் மீட்டரைக் கட்டாயமாக்குற சட்டம் நெதர்லாந்து மேலவையில நின்னுபோனதுக்குக் காரணமும் இந்தத் தனியுரிமைக் கவலைதான். 2011-ல திருத்தத்தோட நிறைவேறினப்போ, மீட்டர் வேண்டாம்னு சொல்ற உரிமை குடியிருப்பவர் கைக்கு வந்திருந்தது.